அக்கா எடுத்த இரண்டு அட்டைகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர்மீது கொண்ட அன்பினால் ஊர் கடந்து வந்து கூடியிருக்கும் உற்றார்க்கும் சபையார்க்கும் என் வணக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் என்பதனால், நம் குடும்பங்களில் யார் மறைந்தாலும் நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடமே வந்து சேரும். நானும் தயங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இம்முறை, அக்காவின் ஒரே மகள் எஸ்தர் கேட்டபோது, இயலாது என்றேன். துயரம் கையைத் தடுக்கிறது என்று உறவினர் சிலர் எண்ணிக்கொண்டனர். துயரம் உண்டு. தடுத்தது அதுவன்று.

எஸ்தருக்கு உண்மைக் காரணம் தெரியும். அவள் எனக்கு ஒரு நிபந்தனை விதித்தாள்.

“எழுதுங்க மாமா. நீங்கதான் எழுதணும். ஆனா அந்த விசயத்த விட்டுட்டு எழுதறதா இருந்தா வேணாம். நான் அம்மா போட்டோவ மட்டும் போட்டுக்கறேன்.”

ஆகவே விடாமல் எழுதுகிறேன். படித்து முடித்தபின் என்னைப் பற்றி உங்கள் எண்ணம் மாறுமாயின், அது மாறவேண்டியதே.

எங்கள் தந்தையார் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். துறைமுகத் தொழிலாளர்க்கு ஒதுக்கப்பட்ட ஓரறைக் குடியிருப்பில் அக்கா பிறந்தார். நான்காண்டுகளுக்குப் பின் நான் பிறந்தேன். தாயார் நோயில் விழுந்தபோது அக்காவின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது, என்னுடையது நிற்கவில்லை. இதை அக்கா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எதிர்க்கரையிலுள்ள பிறை நகரில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்த காலத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். காலைப் படகில் நீரிணையைக் கடந்து, அக்கரையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறி, எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, நகத்தினும் சிறிய சில்லுகளில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பணி. இருபத்தெட்டு ஆண்டுகள் பார்த்தார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து வெளிவந்தது அந்தக் கண்களால்தான்.

அவ்வேலையிடத்தில்தான் அக்கா ஆண்டவரை அறிந்தார். அடுத்த இருக்கையில் இருந்த பெண்மணி, வேலையினூடே தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே இருப்பாராம். “யாருக்குப் பாடுற?” என்று அக்கா கேட்டிருக்கிறார். “கேக்குறவருக்கு” என்று விடை வந்திருக்கிறது. அதற்குமேல் அப்பெண்மணி ஒன்றும் விளக்கவில்லை. ஓராண்டு கழித்து அக்கா திருமுழுக்குப் பெற்றார்.

தந்தையார் அன்று முதல் அக்காவோடு பேசவில்லை. அக்கா வழக்கம்போல் வேலைக்குப் புறப்படுமுன் தட்டை அவர்முன் வைத்து, “பசியாறுங்கப்பா” என்பார். தந்தையார் உண்பார், பேசமாட்டார். நான் விடுமுறைக்கு வந்த நாளில் இது பதினொன்றாம் மாதமாக நடந்துகொண்டிருந்தது. அன்று ஒரு வாய் உண்டு நிமிர்ந்து, சுவரைப் பார்த்தபடி தந்தையார் சொன்னார்: “தெனமும் ஜெபம் பண்றவளுக்குச் சாம்பார்ல உப்புப் போடத் தெரியல.” அக்கா உள்ளே ஓடி உப்புச் சாடியையே கொண்டுவந்து வைத்தார். அந்த உப்புக் குறைந்த சாம்பாரை அவர் இறுதிவரை ஆண்டவர் செய்த அற்புதங்களில் ஒன்றாகக் கணக்கிட்டு வந்தார்.

எனக்கு அக்கா மதம் பேசியதில்லை. நான்தான் ஏளனம் பேசுவேன். எட்டு மணி நேரம் சில்லுகளைப் பார்ப்பவருக்கு இறைவனை நினைக்க ஏது நேரம் என்று ஒருமுறை கேட்டேன்.

“பழுதான பீஸ் ஒண்ணு வந்துச்சின்னா யாராச்சும் ஒருத்தர் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவேன் தம்பி. அத எடுத்து அந்தண்ட வச்சிட்டு அடுத்த பேரு.”

“நல்ல பீஸுக்கு?”

“அதுக்கெல்லாம் ஜெபம் பண்ணா சுப்பர்வைசர் வேலைய விட்டுத் தூக்கிருவாருலா. ஆயிரக்கணக்குல வருது.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன் பேருதான் அடிக்கடி வரும்.”

நான் முதன்முதல் வழிபாட்டுக்குச் சென்றதும் இறைப்பற்றினால் அன்று. பாடல் தாளில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதாகக் குறை கூறினேன். “சரி, பிழை பாக்கவாவது வா” என்று அழைத்துப் போனார். போனவன் நின்றுவிட்டேன். பின்னாளில் அச்சபையின் மூப்பருள் ஒருவனாகவும் ஆனேன். ‘ஜெபம்’ என்பதை ‘மன்றாட்டு’ என்றும் ‘போதகர்’ என்பதை ‘ஆயர்’ என்றும் நான் திருத்தும்போதெல்லாம் அக்கா சிரிப்பார். “ஆண்டவருக்கு ரெண்டும் புரியும். உனக்குத்தான் ஒண்ணு புரியல” என்பார்.

எஸ்தருக்கு நான்கு வயதாகும்போது அத்தான் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்புகையில் விபத்துக்குள்ளானார். அறுவைக் கூடத்தின் கதவுவரை அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சென்றார். கதவு மூடியது. அத்தான் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா தம் வழக்கமான இருக்கையில் வந்து அமர்ந்தார். ஆறு மாதம் ஒரு பாட்டும் பாடவில்லை. யாரோ ஒருவர், இப்படி வாய் மூடியிருப்பது விசுவாசக் குறைவல்லவா என்று அறிவுரை கூறினார். “பாட்டு வரலம்மா. வந்து உக்காந்திருக்கேன்ல. அவருக்குத் தெரியும்” என்றார் அக்கா. இறைவனை நெருங்குவது பற்றி நான் எத்தனையோ நூல்களைக் கற்றிருக்கிறேன். அவ்விடையைவிட நெருங்கிய ஒன்றை எங்கும் கண்டதில்லை.

பணி ஓய்வுக்குப் பின் சனிதோறும் ஆலயத்தைக் கூட்டித் துடைப்பதை அவர் தம் வேலையாக்கிக்கொண்டார். கண்கள் அதற்குள் மங்கிவிட்டன. எழுத்து கூடவில்லை. திருமறையை எஸ்தர் வாசித்துக் காட்டுவாள். அவள் இல்லாதபோது நான்.

இனி, எஸ்தர் விடக்கூடாது என்ற பகுதிக்கு வருகிறேன்.

நம் சபையின் புத்தாண்டு வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள்; அறியாத உறவினர்க்காகச் சொல்கிறேன். புத்தாண்டுக் காலை வழிபாட்டின் முடிவில், திருமறை வசனங்கள் எழுதிய அட்டைகளை ஒரு கூடையில் இட்டு மூப்பர் ஒருவர் ஏந்தி நிற்பார். ஒவ்வொருவரும் கண்மூடி மன்றாடி ஓர் அட்டையை எடுப்பர். அவ்வாண்டு முழுவதற்கும் இறைவன் தமக்குத் தந்த வாக்கு அதுவென்று கொள்வர். கடைகளில் விற்கும் அட்டைகளில் பிழைகள் இருந்தமையால், பல்லாண்டுகளாக நூற்று நாற்பது அட்டைகளையும் நானே கைப்பட எழுதி வந்தேன். கூடையை ஏந்துபவனும் நானே. எடுக்கப்படாமல் எஞ்சும் அட்டைகளுக்குப் பட்டியல் எழுதி வைத்து, வர இயலாத நோயாளிகளின் வீட்டுக்குக் கூடையைக் கொண்டுசெல்வதும் என் பணி.

அக்கா மறைவதற்கு முந்திய நவம்பரில் அவர் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. விரைந்து அறுத்து எடுத்தால் நலம்பெறும் வாய்ப்பு மிகுதி என்றார் மருத்துவர். சனவரி நடுவில் நாள் குறித்தனர். அக்கா ஒப்புக்கொண்டார்; ஆனால் அஞ்சினார். அந்தக் கதவை அவர் மறக்கவில்லை. திசம்பர் முழுதும் உண்ணாமல் இளைத்தார். அவ்வச்சத்தைப் போக்கவேண்டும் என்று மட்டுமே நான் எண்ணினேன். இதை என் பக்க நியாயமாகக் கூறவில்லை, நடந்ததைக் கூறுகிறேன்.

அக்கா சோர்வினால் அன்று பீடத்தண்டை வரமாட்டார், நான்தான் அவர் இருக்கைக்குக் கூடையைக் கொண்டுசெல்லவேண்டும் என்பது எனக்கு முன்னரே தெரியும். முந்திய நாள் மாலை ஐந்து அட்டைகள் எழுதினேன். ஐந்திலும் ஒரே வசனம்: நோய் நீக்கி நலம் தருவேன் என இறைவன் கூறும் வசனம். மற்றவர் எடுத்து முடித்தபின், எஞ்சியவற்றைப் பின்னறையில் ஓர் உறைக்குள் வைத்துவிட்டு, அவ்வைந்தை மட்டும் கூடையிலிட்டு அக்காவிடம் சென்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். விரல்களால் அட்டைகளைத் துழாவினார். ஒன்றைத் தொட்டு விட்டார். இன்னொன்றைத் தொட்டு விட்டார். நேரம் ஆயிற்று. நான் கூடையைச் சற்றே உயர்த்தினேன்.

“அவசரப்படுத்தாத தம்பி. வருசத்துக்கு ஒரு வாட்டிதான் எனக்குன்னு எழுதித் தர்றாரு.”

அடியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து என்னிடம் நீட்டினார். வாசித்துக் காட்டினேன். அக்கா அந்த அட்டையை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்களுக்கு அருகே நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து அவரைப் பார்க்கச் சென்றேன். முகம் தெளிந்திருந்தது. நன்றாக உண்டிருந்தார். என் திட்டம் பலித்தது என்று உள்ளம் குளிர்ந்தேன்.

“எஸ்தர்கிட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஓப்பரேஷன் வேணாம்னு சொல்லச் சொல்லிட்டேன்” என்றார்.

அது துணிவு தருவதற்கான வசனம், மருத்துவத்தை மறுப்பதற்கானது அன்று என்றேன். மருத்துவர் கையாலும் இறைவன் நலம் தருவார் என்றேன்.

“அட்டையில கத்தியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே தம்பி. அவரு கொடுத்த வாக்க வச்சுக்கிட்டு, இன்னொருத்தர்கிட்டப் போயி வெட்டுங்கன்னு படுத்தா, அவர நம்பலன்னுதானே ஆவும்.”

எஸ்தர் செபராங் ஜெயாவில் வேலை முடித்து, பாலம் கடந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

“மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. அந்த வசனத்துக்கு வேற அர்த்தம் இருக்குன்னு ஏதாச்சும் சொல்லுங்க. நீங்க படிச்சவரு. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

சொல்வதாக வாக்களித்தேன். மறுநாள் சென்றேன். ஒரு வாக்கியம் போதும்: அந்த அட்டையை நான் வைத்தேன். அதற்கு மாறாக நாற்பது நிமிடம் பேசினேன். மூலமொழிச் சொல்லின் பொருளை விளக்கினேன். முன்னோர் உரைகளை எடுத்துக் காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தேத்தண்ணி குடிக்கிறியா?” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். உண்மை அதனினும் சிறியது. நான் மூப்பன். ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் என் கையெழுத்தை இறைவன் வாக்காகக் கொண்டு வீட்டுச் சுவரில் ஒட்டுகின்றனர். அவர்கள்முன் என் பெயர் கெடுவதை நான் அஞ்சினேன். என் உடன்பிறந்தவரின் உயிரைவிட அது பெரிதாக இருந்தது.

பங்குனி வரையிலும் அக்கா ஆலயத்தைக் கூட்டினார். வழிபாட்டில் எழுந்து சாட்சி கூறினார். உங்களுள் சிலர் அந்த அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். நான் முதல் வரிசையில் இருந்து பார்த்தேன்.

சூன் மாதம் அவரால் நடக்க இயலவில்லை. இனி அறுத்துப் பயனில்லை என்றார் மருத்துவர். அப்போதும் நான் வாய் திறந்திருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன். அக்கா செய்த ஒன்றுதான் அதைத் திறக்க வைத்தது. அவர் தம்மிடம் குற்றம் தேடத் தொடங்கினார். இறைவன் வாக்குத் தவறமாட்டார். ஆகவே தவறு தம்முடையதாகத்தான் இருக்கவேண்டும். என்றோ சண்டையிட்ட அண்டை வீட்டாரை அழைத்து மன்னிப்புக் கேட்டார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் புதுமணப் பெண்ணாய் வந்த காலத்தில் அவள் சமையலைக் குறைகூறியதற்காக அழுதார். “என் விசுவாசம்தான் பத்தல போலருக்கு. எங்கன்னுதான் தெரியல” என்று என்னிடம் சொன்னார். நோயினும் அத்தேடல் அவரை வதைத்தது.

சூலையில் ஒரு பிற்பகல், கட்டிலருகே மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தர் கஞ்சிக் கிண்ணத்தோடு வாயிலில் நின்றதை நான் காணவில்லை.

“அஞ்சும் ஒண்ணுதானா?” என்றார் அக்கா.

“ஆமாக்கா.”

“நான் அடியில இருந்ததப் பாத்து எடுத்தேனே.”

மற்ற நான்கையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

“அப்ப, ஆண்டவர் எனக்கு ஒண்ணும் சொல்லலையா தம்பி?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் செய்த பிழையினால் அக்கா மருத்துவத்தை இழந்தார். அதைச் சொல்லிச் செய்த திருத்தத்தினால் ஆறுதலையும் இழந்தார். தொழிற்சாலை நாள் தொட்டு ஒருநாளும் தவறாத பெயர் சொல்லும் மன்றாட்டு, அதன்பின் இரண்டு நாள் அவர் வாயில் கேட்கவில்லை என்று எஸ்தர் பின்னர்க் கூறினாள்.

மூன்றாம் நாள் என்னை வரச்சொன்னார். “கூடைய எடுத்துட்டு வா. நெசமான கூடைய.”

எஞ்சிய அட்டைகள் இருந்த கூடையைக் கொண்டுசென்றேன். அவர் என்னைக் கட்டிலருகே வரவிடவில்லை. “நீ அங்கயே நில்லு. எஸ்தர் புடிக்கட்டும்.” எஸ்தர் பிடித்தாள். இம்முறை அக்கா துழாவவில்லை. விரலில் முதலில் பட்டதை எடுத்தார். எழுத்து உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்தார்.

“நான் படிக்கட்டுமாம்மா?” என்றாள் எஸ்தர்.

“வேணாம். படிக்கிறவங்க வேணாம். என்னா எழுதியிருக்குன்னு அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

கைக்குட்டையில் அதைச் சுற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஆறு நாள் இருந்தார். பெயர்கள் மீண்டும் தொடங்கின என்று எஸ்தர் சொல்கிறாள். என் பெயர் அவற்றில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. காலையில் நான் போய் நின்றால், “பசியாறிட்டியா?” என்று மட்டும் கேட்பார். அது மன்னிப்பா, பழக்கமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கைக்குட்டையைப் பிரிக்காமல் அவரோடு அடக்கம் செய்தோம்.

மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். ஆயரிடம் அப்போது உடல்நலம் என்று காரணம் கூறினேன், இது காரணம். இவ்வாண்டுக்கு அச்சிட்ட அட்டைகளை வாங்கினார்கள். கூடை என் இருக்கைக்கு வந்தபோது அடுத்தவரிடம் நகர்த்தினேன். நாள்தோறும் காலையில் அக்கா காட்டித் தந்தவாறே பெயர்களைச் சொல்லி மன்றாட அமர்கிறேன். யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை. வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. அது நேர்மையாய் உட்கார்ந்தவரின் சொல்.

எஸ்தர் பல மாதம் என்னோடு பேசவில்லை. நான் அவள் வீட்டுக்குச் சென்றால் தேநீர் மட்டும் என் முன் வைப்பாள். இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு, “நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிறாதீங்க மாமா. அது இன்னும் வரல” என்றாள். எழுதவில்லை.

அக்காவின் இறுதி மாதங்களில் வீடு தேடி வந்து வலி தணித்த செவிலியர்க்கும், உண்மையை மறைக்காமல் கூறிய மருத்துவர்க்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார்க்கும், பிறையிலிருந்து வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்ட பழைய தொழிற்சாலைத் தோழியர்க்கும், அடக்க ஒழுங்கை நடத்திய ஆயர்க்கும் சபையார்க்கும், தாயை ஒரு குழந்தைபோல் ஏந்திய எஸ்தருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கையால் அட்டை பெற்றுச் சுவரில் ஒட்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: மற்ற அட்டைகளில் நான் கை வைக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் உரிமை.

அந்தக் கூடை என் மேசைமேல் இருக்கிறது. எஞ்சியவை என்று அன்று என் கைப்பட எழுதிய பட்டியல் இழுப்பறையில் இருக்கிறது. நோயாளிகள் எடுத்தவற்றை அடித்தது போகப் பட்டியலில் முப்பத்தொன்று, கூடையில் முப்பது. ஒப்பிட்டுப் பார்த்தால், அக்கா எடுத்துச் சென்றது எந்த வசனம் என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். படிக்கிறவர்கள் வேண்டாம் என்றார் அக்கா. இழுப்பறையை நான் திறக்கவில்லை.